பாடம் நடத்துவது யார், பெயிண்ட் கம்பெனியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டடக் கலைஞர்கள் பட்டம் வாங்கியதோடு படிப்பை நிறுத்திவிடக் கூடாது, தொழிலில் இருக்கும்வரை தொடர்கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உங்கள் ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். டர்பனில் இருந்தபடி இணையத்தில் படித்தேன். சிரிப்பும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை, இங்கே தென்னாப்பிரிக்காவில் பல வருடமாக அது கட்டாயம்தான். ஆனால் கட்டாயமாக்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளம் என்று பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், கோவில் பற்றிய பகுதியை மட்டும் தொடாதீர்கள்.

முதலில் இங்குள்ள நடைமுறை. 2000-ம் ஆண்டின் 44-ம் எண் சட்டப்படி தென்னாப்பிரிக்கக் கட்டடக்கலைத் தொழில் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது, சகாப் என்று சுருக்கிச் சொல்வோம். அதில் பதிவு இல்லாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டிக்கொள்ள முடியாது. பதிவில் நான்கு படி உண்டு: ஆர்க்கிடெக்ட், சீனியர் டெக்னாலஜிஸ்ட், டெக்னாலஜிஸ்ட், கடைசியில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். நாலு படியில் இருப்பவர்களும் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் தொடர்கல்விப் புள்ளி காட்ட வேண்டும். நான் பதிவு செய்த காலத்தில் ஐந்து வருடத்துக்கு 25 புள்ளி என்பது கணக்கு. மற்ற நாடுகளிலும் இப்படி ஏதோ ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. பிரிட்டனில் ரீபா என்ற சங்கம் தன் உறுப்பினர்களிடம் வருடத்துக்கு 35 மணி நேரம் கேட்கிறது. பிரான்சில் 20 மணி, அதனால் நம் பக்கத்துத் தீவான ரியூனியனில் தொழில் செய்பவர்களுக்கும் அதே 20. அமெரிக்காவில் ஏஐஏ என்ற கட்டடக் கலைஞர் சங்கத்தின் உறுப்பினருக்கு வருடம் 18 அலகு, அதில் 12 அலகு மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, நலவாழ்வு சம்பந்தப்பட்ட பாடமாக இருந்தாக வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, புள்ளி எப்படிக் கிடைக்கிறது? பெரிய அலுவலகத்தில் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை, மாதம் ஒரு கம்பெனிக்காரர் தேடிக்கொண்டு வந்துவிடுவார். டைல்ஸ், பெயிண்ட், அலுமினிய ஜன்னல், கூரைத் தகடு, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு, இப்படி யாராவது ஒருவர். மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வருவார். சமூசா, சாண்ட்விச், ஜூஸ் எல்லாம் அவர் செலவு. திரையில் படம் ஓடும், முதல் சில படங்கள் பூமி சூடாவதைப் பற்றி, மீதி முழுக்க அவருடைய சரக்கைப் பற்றி. கடைசியில் கையெழுத்துத் தாள் ஒன்று சுற்றி வரும், அதில் பதிவு எண்ணை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. கோவிட் வந்த பிறகு இதுவும் காணொளிக்குப் போய்விட்டது. கேமராவை அணைத்துவிட்டு இன்னொரு திரையில் யாருடைய வீட்டுக்கோ கழிவறை வரைந்துகொண்டிருப்பார்கள், வருகைப் பதிவு மட்டும் ஒழுங்காக ஏறிக்கொண்டிருக்கும். நானும் அந்தச் சமூசாவைச் சாப்பிட்டிருக்கிறேன், சமூசாவைக் குறை சொல்ல மாட்டேன், டர்பனில் மோசமான சமூசா கிடைப்பது கஷ்டம். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான், விற்பவரே வாத்தியாராக வரலாமா?

வரக் கூடாது என்பதற்கு லண்டனில் 72 பேர் உயிரைக் கொடுத்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் டவர் எரிந்தது. புதுப்பிக்கிறோம் என்று சொல்லி அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவருக்குச் சட்டை போட்டது போல ஒட்டிய பலகையின் நடுவே இருந்தது பாலிஎதிலீன், நன்றாகக் கொழுந்துவிட்டு எரியும் சரக்கு. விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வந்தது. அந்தப் பலகைகளையும் வெப்பக் காப்புப் பொருட்களையும் செய்து விற்ற கம்பெனிகள் திட்டமிட்டு நேர்மையில்லாமல் நடந்துகொண்டன, சோதனை முடிவுகளைத் திரித்துக் காட்டிச் சந்தையை ஏமாற்றின என்று அதில் எழுதியிருக்கிறது. அதே அறிக்கை அந்த வேலையைச் செய்த கட்டடக் கலைஞர்களையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பலகை எரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை, அதனால் நடந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விற்பவர் பொய் சொல்கிறார், வாங்கச் சொல்ல வேண்டிய நிபுணருக்குத் தனியாகச் சரிபார்க்கத் தெரியவில்லை. அந்தச் சரிபார்க்கும் அறிவைத் தருவதற்குத்தானே தொடர்கல்வி என்று ஒன்று வைத்தோம்? அந்த வகுப்பையே விற்பவர் கையில் ஒப்படைத்துவிட்டு மணிக்கணக்கை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் 35 மணியானாலும் 350 மணியானாலும் ஒன்றுதான்.

கம்பெனிக்காரர்களுக்கும் நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். 2011-ல் கட்டடங்களின் ஆற்றல் பயன்பாட்டுக்கான எக்ஸ்ஏ தரநிலை வந்தபோது, வெந்நீரில் குறைந்தது பாதியை மின்கம்பிச் சூடு அல்லாத வழியில்தான் காய்ச்ச வேண்டும், கண்ணாடிப் பரப்புக்கு இவ்வளவுதான் அளவு, கூரைக்குக் கீழே இவ்வளவு வெப்பக் காப்பு வேண்டும் என்றெல்லாம் வந்தபோது, எங்களில் பலருக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது ஜன்னல் விற்பவர்களும் கீசர் விற்பவர்களும்தான் பொறுமையாக உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். 2021-ல் அந்தத் தரநிலையைத் திருத்தி வெளியிட்டபோதும் அப்படித்தான். தங்கள் சரக்கைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சரக்கு எந்த வீட்டுக்கு ஆகாது என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொன்னால் வியாபாரம் ஆகாது.

லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தோம். மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்ததால் எல்லோரும் கூரையில் சோலார் போட ஓடினார்கள், வாரம் ஒரு சோலார் வகுப்பு நடந்தது, இன்வெர்ட்டர், பேட்டரி, எத்தனை வருட உத்தரவாதம் எல்லாம் சொன்னார்கள். டர்பனில் நம் ஆட்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் மாதிரி இடங்களில் நகராட்சி கட்டிய பழைய வீடுகள் பலவற்றில் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அதில் துளை போட்டால் பறக்கும் தூசி நுரையீரலுக்கு எமன், இந்த நாட்டில் ஆஸ்பெஸ்டாஸை 2008-லேயே தடை செய்துவிட்டார்கள், ஏற்கெனவே இருப்பதைத் தொடுவதற்கும் கழற்றுவதற்கும் 2020-ல் தனி விதிகள் வந்திருக்கின்றன. நான் போன வகுப்புகளில் இதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கீழே இருக்கும் அந்த ஒல்லி மரச்சட்டம் கூடுதல் எடையைத் தாங்குமா என்றும் கேள்வி எழவில்லை. கேட்டால், அது உங்கள் வேலை என்றார் வகுப்பு நடத்தியவர். அவர் சொன்னது சரிதான். எங்கள் வேலைக்கான வகுப்பு எங்கே என்பதுதான் நான் கேட்பது.

டர்பனில் அந்த வகுப்பு மண்ணையும் தண்ணீரையும் பற்றி இருக்க வேண்டும் என்பேன். இந்த ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், இங்கே சமதரை என்பது அபூர்வம், எல்லாம் மேடும் பள்ளமும். வெள்ளைக்காரன் நல்ல இடத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு 1950-ம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புப் பிரிவுச் சட்டத்தை வைத்து நம் ஆட்களைக் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து கிளப்பி, சாட்ஸ்வொர்த் சரிவுகளில் கொண்டுபோய்க் குடிவைத்தான். சரிவில் கட்டும்போது மேல் பக்கம் மண்ணை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப் பக்கம் கொட்டி, மட்டம் பண்ணி, அதன்மேல் கட்டுவார்கள். கொட்டிய மண் கொட்டிய மண்தான், எத்தனை வருடமானாலும் தண்ணீர் இறங்கினால் உட்காரும். கடலோரமாக பெரியா என்ற மேட்டிலிருந்து அம்ஷ்லாங்கா பக்கம் வரை கிடக்கும் பெரியா செம்மணல் இன்னும் விசேஷமானது. காய்ந்திருக்கும்போது வெட்டினால் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும், பார்ப்பவனுக்குப் பாறை என்று தோன்றும், நன்றாக நனைந்ததும் பிடிப்பெல்லாம் போய் ஓடிவிடும்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் அதுதான் நடந்தது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். டோங்காட் ஊருக்குத் தண்ணீர் தரும் நிலையமே அடித்துக்கொண்டு போய், அங்கே மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. பருவநிலை மாற்றம் என்று எல்லோரும் சொன்னார்கள், சரி, இருக்கட்டும். ஆனால் வெள்ளம் நமக்குப் புதிது இல்லையே. உம்பிலோ ஆற்றங்கரையில் நம் முன்னோர் கட்டிய கோவில் 1905 வெள்ளத்தில் போனது, அதில் மிஞ்சிய செதுக்குக் கதவுகள்தான் இன்று பெல்ஏர் சாலையில் உள்ள அம்பலவாணர் ஆலயத்தில் இருக்கின்றன. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பொங்கியபோது கரையில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த நம் ஜனங்களை, படவட்டன் அறுவர் என்று இங்கே பிள்ளைகள்கூடச் சொல்லும் ஆறு மீனவர்கள், ஒரே ஒரு படகை வைத்துக்கொண்டு 176 பேரைக் காப்பாற்றினார்கள். 1976-ல் அதே கரையில் டின் டவுன் தகரக் குடியிருப்பு மூழ்கி, அங்கிருந்தவர்களை டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிக்கு மாற்றினார்கள். 1987-ல் மறுபடியும். தாத்தா காலத்திலிருந்து தண்ணீர் எந்த வழியாக வரும் என்று தெரிந்த ஊரில், தண்ணீரைப் பற்றி ஒரு கட்டாயப் பாடம் இல்லாமல் பாத்ரூம் டைல்ஸுக்குப் புள்ளி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

2022 மழைக்குப் பிறகு பல வீடுகளைப் பார்க்கப் போனேன், காப்பீட்டுக்காரர்கள் அனுப்பியும் தெரிந்தவர்கள் கூப்பிட்டும். பெரிய தொழில்நுட்ப ரகசியம் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்ப அதே நாலைந்து தப்பு. தடுப்புச்சுவருக்குப் பின்னால் ஜல்லி போட்டு நீர் இறங்க வழி விடவில்லை. சுவரில் விட்டிருந்த துளைகளை, அழுக்குத் தண்ணீர் வடிந்து பெயிண்ட் கெடுகிறது என்று யாரோ சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் நேராகக் கொட்டிய மண்ணின் தலையில் விழுகிறது. முற்றம் முழுக்கக் கல் பாவிவிட்டதால் முன்பு தரையில் ஊறிய தண்ணீர் இப்போது மொத்தமாகக் கீழ் வீட்டுக்காரர் சுவரில் போய் முட்டுகிறது. செடி நடப் பள்ளம் வைத்த லோஃபல்ஸ்டைன் கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்புவது இங்கே ரொம்பப் பிரபலம், அடுக்கும் கோணமும் பின்னால் இறுக்க வேண்டிய மண்ணும் சரியாக இருந்தால் அருமையான முறை அது, ஆனால் வரைபடத்தில் நாலு வரிசை என்று போட்டுவிட்டு இடம் கிடைக்கிறதே என்று மேலே மேலே அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். மழைநீர் வடிகாலுக்கு என்றே நம் கட்டட விதிகளில் ஆர் என்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது, சுவருக்கு கே பகுதி, அஸ்திவாரத்துக்கு எச். எல்லாம் அச்சில் இருக்கிறது. கடைசியாக எப்போது எடுத்துப் படித்தீர்கள் என்று சக தொழில்காரர்களைக் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும்.

வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. ஹோட்டல் அரங்கம் வேண்டாம். சுவர் சாய்ந்த ஒரு தெருவுக்கே போகலாம், வீட்டுக்காரர் சம்மதித்தால். நகராட்சியில் வரைபடம் சரிபார்க்கும் அலுவலர் ஒருவர், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர், காப்பீட்டுக்கு நஷ்டம் மதிப்பிடுபவர் ஒருவர், முடிந்தால் அந்தப் பகுதியில் வேலை செய்த கொத்தனார் ஒருவர். பாஸான வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காகிதத்தில் என்ன இருந்தது, தரையில் என்ன கட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போய்த் தாங்கள் இப்போது வரைந்துகொண்டிருக்கும் ஒரு சரிவு வீட்டின் படத்தை அடுத்த முறை கொண்டுவர வேண்டும், அதை மற்றவர்கள் சிவப்புப் பேனாவால் கிழிக்க வேண்டும். புள்ளி அந்தத் திருத்திய படத்துக்குத்தான், வருகைத் தாளில் போட்ட கையெழுத்துக்கு இல்லை. இப்படி ஒரு நாள் செய்தால் அது அமெரிக்கர்கள் சொல்லும் அந்த 12 அலகு வகையில் சேரும். இங்கேயும் மொத்தப் புள்ளியில் பாதிக்கு மேல் உயிர்ப் பாதுகாப்புப் பாடமாக இருக்க வேண்டும், அதை எதையும் விற்காதவர்தான் நடத்த வேண்டும் என்று கவுன்சில் ஒரு வரி சேர்த்தால் போதும், புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம்தான். தவறு நடந்த கட்டடத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேச மாட்டார்கள், வழக்கு வரும், காப்பீட்டு நிறுவனமே வாயை மூடிக்கொள் என்று சொல்லும். பிரிட்டனில் இதற்கு வழி கண்டுபிடித்து 2005-லிருந்து நடத்தி வருகிறார்கள், கிராஸ் என்று பெயர். கட்டமைப்பில் கண்ட ஆபத்தை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், எழுதியவர் பெயரும் கட்டடத்தின் பெயரும் வெளியே வராது, நிபுணர்கள் குறிப்பு எழுதி எல்லோரும் படிக்க வெளியிடுவார்கள். சாய்ந்த சுவர் இருக்கும் தெருவுக்கே போக முடியாவிட்டால், அதுபோல ஊர் பேர் அழித்த படங்களை வைத்தாவது பாடம் நடத்தலாம்.

அடுத்தது, யாருக்கு வகுப்பு. தொடர்கல்வி என்றதும் உங்கள் கட்டுரையிலும் சரி, இங்கே நடக்கும் கூட்டங்களிலும் சரி, கண்ணாடிக் கட்டடம் கட்டும் பெரிய ஆர்க்கிடெக்ட்தான் எல்லோர் மனத்திலும் இருக்கிறார். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் நடக்கும் வேலையில் பெரும்பங்கு மகனுக்குக் கல்யாணம், மேலே ஒரு மாடி எழுப்பு, பின்னால் வாடகைக்கு ஒரு அவுட்பில்டிங் போடு என்ற வகைதான். அதையெல்லாம் வரைவது யார்? வீட்டின் ஓர் அறையில் கம்ப்யூட்டர் வைத்துத் தனியாக வேலை செய்யும் டிராஃப்ட்ஸ்மேனும் டெக்னாலஜிஸ்டும். அவர்களைத் தேடி எந்தக் கம்பெனிக்காரரும் சமூசாவோடு வருவதில்லை, ஏனென்றால் ஒரு வீட்டுக்கு எத்தனை பெட்டி டைல்ஸ் விற்றுவிட முடியும். நல்ல கருத்தரங்குக்குப் போகலாம் என்றால் கட்டணம் ஒரு வீட்டு வரைபடத்துக்கு வாங்கும் கூலியில் பெரிய துண்டைத் தின்றுவிடும், போன நாள் கூலியும் போச்சு. ஆக, சரிவிலும் கொட்டிய மண்ணிலும் அதிகமாக வேலை செய்பவர்களுக்குத்தான் மண்ணைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இன்னொரு விஷயமும் அவர்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. 1999-ம் ஆண்டின் தேசிய மரபுச் சொத்துச் சட்டத்தில் 34-ம் பிரிவு என்று ஒன்று உண்டு. 60 வயதுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மரபுத்துறை அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. இந்த மாகாணத்தில் அமாஃபா என்ற மரபுத்துறை அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்தது விக்டோரியா காலத்து மாளிகை. ஆனால் கணக்குப் பாருங்கள், சாட்ஸ்வொர்த் வீடுகள் கட்டியது அறுபதுகளில். 1964-ல் குடிவந்த குடும்பத்தின் வீட்டுக்கு 2024-லேயே அறுபது முடிந்துவிட்டது. சமையலறையை ஓர் அடி தள்ளுவதற்குக்கூட இனி அந்த அனுமதி வேண்டுமா, சின்ன வேலைக்கு என்ன நடைமுறை, விண்ணப்பத்தில் என்ன புகைப்படம் வைக்க வேண்டும், இதையெல்லாம் சொல்லித்தர அரை நாள் போதும். பிளான் பாஸாகத் தாமதமாகிறது என்று வீட்டுக்காரர் திட்டுவது டிராஃப்ட்ஸ்மேனைத்தான், நகராட்சியை இல்லை.

இப்போது கோவில்.

2025 டிசம்பரில் வெருலம் பக்கம் ரெட்கிளிஃப்பில் சரிவில் கட்டிக்கொண்டிருந்த கோவில் இடிந்து உயிர்கள் போன செய்தி உங்கள் பத்திரிகையிலும் வந்திருக்கும். அந்தக் கட்டடத்துக்கு அனுமதி பெற்ற வரைபடமே இல்லை என்று நகராட்சி சொன்னது. அதற்கு முன் 2024 மே 6 அன்று ஜார்ஜ் நகரத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி விழுந்து 34 பேர் செத்தார்கள். 2013 நவம்பரில் டோங்காட்டில் பாதி கட்டிய மால் விழுந்து இரண்டு பேர். அங்கே வேலையை நிறுத்தச் சொல்லி நகராட்சி நீதிமன்ற உத்தரவே வாங்கியிருந்தது. மாலும் அடுக்குமாடியும் பணத்தாசை என்று சொல்லிவிடலாம். கோவில் அப்படி இல்லையே, பக்தியில் சொந்தக் காசும் உழைப்பும் போட்டுக் கட்டுகிறார்கள். அதனால்தான் எனக்கு அது அதிகம் உறுத்துகிறது.

இந்த நாட்டில் நம் கோவில்களைக் கட்டியவர்கள் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1860-ல் ட்ரூரோ கப்பலில் முதல் கூலிகள் வந்து இறங்கிய பிறகு முதலில் மரமும் தகரமுமாகக் குடிசைக் கோவில் வைத்தார்கள், அப்புறம் செங்கல்லுக்கு மாறினார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கணேசர் கோவிலைக் கட்டிய கிஸ்தப்ப ரெட்டி, கொத்தனார் ராமசாமி பிள்ளை போன்றவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு நடுவே, ஊரிலிருந்து நினைவில் கொண்டுவந்த விமானத்தை இங்கே கிடைத்த செங்கல்லில் எழுப்பினார்கள். அந்தச் சுவர்கள் நூறு வருடம் நிற்கின்றன. பிரச்சினை, பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்று வரும்போது நாம் அதற்குச் செய்யும் வைத்தியம். பழைய மென்மையான செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் கெட்டிச் சிமென்ட் பூசி, அதற்கும் மேலே பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்டை அடித்தால் ஈரம் வெளியேற வழி இல்லாமல் உப்போடு சேர்ந்து உள்ளேயே செங்கல்லைத் தின்னும். எனக்குத் தெரிந்த ஒரு கோவிலில் இதைச் சொன்னேன். கமிட்டித் தலைவர் நல்ல மனிதர், எல்லோருக்கும் அங்கிள், அவர் என் தோளில் கை போட்டு, தம்பி, பெயிண்ட் கம்பெனிக்காரரே வந்து பார்த்துட்டார், பத்து வருஷம் கேரண்டி எழுதிக் கொடுத்திருக்கார், நீங்க ஏன் கவலைப்படுறீங்க என்றார். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் முழுக்கக் கொப்புளம். அந்தக் கம்பெனிக்காரர் அதே சரக்கைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் வகுப்பு நடத்திப் புள்ளியும் கொடுத்துவிட்டுப் போனவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எடைதான் இன்னும் பெரிய விஷயம். தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளை வரவழைக்கிறார்கள், அவர்கள் ஆயாதி என்ற சிற்ப சாஸ்திர அளவுக் கணக்குப் பார்த்து, அங்குல அளவில் கையால் படம் போட்டு, பழைய மண்டபத்தின் தலையில் புது நிலைகள் ஏற்றி, அதன்மேல் சுதை உருவங்கள் செய்கிறார்கள். கைவேலையில் அவர்களை அடிக்க முடியாது. ஆனால் அந்தச் சுவருக்குக் கீழே எவ்வளவு அஸ்திவாரம், அது என்ன மண் என்று அவர்களுக்கு யார் சொல்வது? நகராட்சிக்குப் போகும் படத்தைப் போடும் உள்ளூர் ஆர்க்கிடெக்டுக்கு ஸ்தபதியின் அளவு புரியாது, கோபுரம் என்று ஒரு முக்கோணம் வரைந்து அனுப்பிவிடுவார். அந்த முக்கோணத்துக்குள் எத்தனை டன் இருக்கிறது என்று பொறியாளர் கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. இவருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியாது, நடுவில் கமிட்டி சீக்கிரம் சீக்கிரம், நாள் குறித்தாகிவிட்டது என்கிறது.

இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். மாமல்லபுரத்தில் அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி இருக்கிறது, 1957-ல் பயிற்சி நிலையமாக ஆரம்பித்தது. அங்கிருந்து ஒருவர், டர்பனில் உள்ள பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறையிலிருந்து ஒருவர், ஒரு பொறியாளர், அமாஃபாவிலிருந்து ஒருவர். ஸ்தபதியின் படத்தை நகராட்சிப் படமாக மாற்றுவது எப்படி, ஒவ்வொரு நிலைக்கும் எடை கணக்கிடுவது எப்படி, சுண்ணாம்பு எங்கே வாங்குவது, சாரம் எப்படிக் கட்டுவது, கான்கிரீட் போட்டு எத்தனை நாள் கழித்து முட்டு எடுக்கலாம். தமிழ் தெரிந்தவர்கள் இங்கே குறைந்துகொண்டே வருகிறார்கள், வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டியிருக்கும், ஸ்தபதிகளுக்காக இரண்டு பேர் உட்கார்ந்து தமிழில் சொன்னால் போதும், அந்த இரண்டு பேரில் ஒருவராக நான் வரத் தயார். கமிட்டி ஆட்களையும் சும்மா கேட்கவாவது கூப்பிட வேண்டும், ஏனென்றால் காசோலையில் கையெழுத்துப் போடுவது அவர்கள்தான், பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பொறியாளரின் கடிதம் வராமல் அடுத்த நிலைக்குப் பணம் இல்லை என்று சொல்ல அவர்களால் மட்டும்தான் முடியும்.

இதற்கெல்லாம் யார் பணம் தருவது என்று கேட்பீர்கள். பெரிய பணம் ஒன்றும் வேண்டியதில்லை. இடம் ஏற்கெனவே இருக்கிறது. நம் கோவில்கள் பலவற்றில் நல்ல மண்டபம் உண்டு, சமையலறையும் உண்டு, கல்யாணம் இல்லாத சனிக்கிழமை காலையில் பூட்டித்தான் கிடக்கிறது. டிராஃப்ட்ஸ்மேன்களுக்கு இலவசம், ஆர்க்கிடெக்டுகளிடம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம், எங்களால் கொடுக்க முடியும். புள்ளிக்கான அங்கீகாரத்தை மாகாணக் கட்டடக்கலைச் சங்கத்தின் மூலம் கேட்கலாம், 1901-லிருந்து இருக்கும் சங்கம், ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க அவர்களுக்குத் தெரியாமலா போகும்.

உங்கள் பத்திரிகையை இணையத்தில் படிக்கும் டர்பன் வாசகர்களில் கோவில் கமிட்டியில் இருப்பவர்கள் யாராவது இருந்தால், மண்டபம் தர முடியுமா என்று உங்கள் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எனக்கு அனுப்பி வையுங்கள். தேதி குறிக்கும்போது ஆடி மாதம் வேண்டாம், எல்லா மாரியம்மன் கோவிலிலும் கஞ்சி ஊற்றுவார்கள். புரட்டாசிச் சனிக்கிழமையும் வேண்டாம். தைப்பூசக் காவடி முடிந்து பத்து நாள் கழித்து என்றால் எல்லோருக்கும் தோதுப்படும், ஏப்ரல் மழைக்கு முன்னால் ஒரு சரிவையாவது நேரில் போய்ப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து ஒரு வாசகர்